சோப்பு வாசம்

மோட்டார் ஓடுகிறது. ஙீ என்று இழுக்கிறது, டக் என்று விடுகிறது, மறுபடி ஙீ. உள்ளங்கை அளவு மிஷின், அதற்கு இவ்வளவு சத்தம். நான் கதவில் முதுகைக் கொடுத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. எவனோ பிடுங்கிவிட்டான், புதுசு வருகிறது வருகிறது என்று இரண்டு வாரமாகச் சொல்கிறார்கள், அதுவரைக்கும் நான்தான் தாழ்ப்பாள். பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சாமான் அறை இது. உள்ளே கிழிந்த வாலிபால் வலை, காற்றுப் போன பந்துகள், கேரம் போர்டு, அதற்கெல்லாம் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என் மகள் கோகிலவாணி தாய்ப்பால் எடுக்கிறாள். இங்கே பிசிக்ஸ் டீச்சர். மூன்று மாதத்துக்கு மேல் லீவு கிடையாது என்றுவிட்டார்கள். முதல் நாள் பால் எடுக்க இடம் கேட்டதற்குக் கக்கூஸைக் காட்டினார்களாம், ஆயாம்மாதான் சண்டை போட்டு இந்த அறையை வாங்கிக் கொடுத்தது. பன்னெண்டே முக்காலுக்குச் சாப்பாட்டு மணி, ஒன்று இருபத்தஞ்சுக்கு மறு மணி. அதற்குள் இறங்கி வந்து, கை கழுவி, இரண்டு வாய் அள்ளிப் போட்டு, பால் எடுத்து, புட்டியை என்னிடம் கொடுக்க வேண்டும். நான் அதை ஐஸ் பெட்டியில் வைத்து, டிவிஎஸ் ஃபிப்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் ஃப்ரிஜ்ஜில் வைக்க வேண்டும். மறுநாள் மத்தியானம் குழந்தைக்கு அது. வீட்டில் மூன்றரை மாதத்துக் குழந்தை, மேல்வீட்டு சம்சாத்திடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மாப்பிள்ளை ஓசூரில், மாதத்துக்கு ஒருதரம் வருவார். இவளைப் பெற்றவள் போய் ஆறு வருஷம். ஆக நான்தான். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லத்தான் வந்தேன். வந்ததும் சொல்லியிருக்க வேண்டும், அவள் படியிறங்கி வரும்போதே. முகத்தைப் பார்த்ததும் நாற்காலியைத் தேடப் போய்விட்டேன். இவள் எடுத்துக் கொடுத்த பாலைப் பன்னெண்டு நாளாக நான் சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன். கெட்டுப்போச்சு என்று ஊற்றினேன். கெட்டுப்போகவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? அரை நிமிஷம் ஆகாது.

உள்ளே குழந்தை அழுகிறது. குழந்தை இல்லை, செல்போன். குழந்தை அழுகிற வீடியோவைப் போட்டுப் பார்த்தால்தான் பால் இறங்குகிறதாம், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீடியோவை எடுத்து அனுப்பியது நாங்கள்தான். சம்சாத் எடுத்தாள், நான் பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் நின்றுகொண்டிருந்தேன். முப்பது நொடி. முதலில் அழுகை, அப்புறம் சம்சாத் "ஓ ஓ, அம்மா வந்துருவாங்க, அம்மா வந்துருவாங்க" என்பாள், கடைசியில் குழாய் திறக்கிற சத்தம். தண்ணீர் கொட்டுகிற சத்தம். அதோடு முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து அழுகை. அந்தக் குழாயைத் திறந்தது நான். பாலை ஊற்றிவிட்டு, அங்கணத்தில் வெள்ளை ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் விட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பத்து நாளுக்கு மேலாக இவள் பால் எடுத்துக்கொண்டிருக்கிறாள். தினமும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து நானும் கேட்கிறேன். அழுகை, ஓ ஓ, தண்ணீர். அழுகை, ஓ ஓ, தண்ணீர். நிறுத்து அம்மிணி என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். நேற்றுவரைக்கும் அது எனக்கு வெறும் குழாய்ச் சத்தம்தான். ஆயாம்மா பாத்திரக் கூடையோடு போனாள், நின்றாள். "ஏனுங்ணா, டூட்டிக்கு வந்தாச்சுங்ளா? பிரின்சிபால்ட்டச் சொல்லி ஒரு விசில் வாங்கித் தரச் சொல்லட்டுங்ளா?" தினமும் ஒன்று சொல்வாள். அவள் கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "சிரிக்க மாட்டீங்களே. அம்மிணிக்கு என்னாச்சுங்? எட்டாங்கிளாஸ்ல போர்டுல எழுதிட்டு இருக்கயிலயே கண்ணுல தண்ணி வந்துருச்சாமா. பிள்ளைங்க வந்து சொல்லுதுங்க." சாக்பீஸ் தூசியாக இருக்கும் என்றேன். "தூசிங்ளா?" என்று என்னைப் பார்த்தாள். "நானும் மூணு பெத்தவதானுங்ணா." போய்விட்டாள். இவளிடம் சொல்லியிருக்கலாம் அன்றைக்கே. ஆயாம்மா, பாலில் ஒரு வாசம் வருகிறது, என்ன அது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால். யாரிடமும் கேட்கவில்லை. நான் எதற்குக் கேட்க வேண்டும்? பாலைப் பற்றி என்னிடம்தான் கேட்பார்கள்.

முப்பத்தொரு வருஷம் பாலைக் குளிர வைக்கிற சில்லிங் சென்டரில் இருந்தவன். ஊர் ஊராக சொசைட்டிப் பால் கேனில் வந்து இறங்கும். மூடியைத் திறந்ததும் மூக்கு. முதல் மூச்சிலேயே தெரிய வேண்டும், இரண்டாவது மூச்சு இழுத்தால் மூக்கு பழகிவிடும், பிறகு ஒன்றும் தெரியாது. புளிப்பா, புகையா, மாடு ஏதாவது தழையைத் தின்றதா, சோப்புப் போட்டுக் கழுவின கேனா. நல்ல பால் இந்தப் பக்கம், மற்றது திருப்பு. கருவியெல்லாம் அப்புறம். கருவி சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன், கருவியும் அதையேதான் சொல்லும். இவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், முந்தின நாள் பாலை ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்துத் திறந்தேன். கை தானாக மூக்குக்குக் கொண்டுபோனது. சோப்பு. பளிச்சென்று சோப்பு, அதற்கு அடியில் துருப்பிடித்த தகரம் மாதிரி ஒன்று. சாயங்காலம் இவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன், புட்டியை ஒழுங்காக அலசினாயா, சோப்பு நிற்கிறது என்று. "கொதிக்கிற தண்ணில போட்டுத்தானுங்ப்பா எடுக்கறேன். சோப்பே போடறதில்லீங்." பின்னே வாசம் எப்படி வரும் என்றேன். என் குரல் அப்படித்தான் இருக்கும், கேன்காரர்களிடம் பேசிப் பேசி வந்த குரல். நின்ற வாக்கில் அழுதாள். ஜாக்கெட்டில் இரண்டு பக்கமும் ஈரம், புடவையை இழுத்து மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள், அதோடு நின்று அழுகிறாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. மறுநாளும் அதே வாசம். மறுபடி சொன்னால் மறுபடி அழுவாள். சொல்லவில்லை. ஊற்றினேன். பவுடர் பால் டப்பா ஒன்று வாங்கினேன், அதை வண்டி டூல்ஸ் பெட்டிக்குள் துணியைச் சுற்றி வைத்தேன். விடிகாலையில் எடுத்து வைத்துவிட்டுப் போகிற பாலில் வாசம் இல்லை, அது பத்து மணிக்குள் தீர்ந்துவிடும், அதைக் கொடுத்தேன். மத்தியானத்துக்குப் பவுடர். நாலரைக்கு மறுபடி அழுதால் அப்போதும் பவுடர், வயிறு முட்ட. இவள் களைத்து வருவாள், வந்ததும் அழுகிற குழந்தையைக் கையில் கொடுக்க வேண்டாம், கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று. எல்லாம் நல்லதுக்குத்தான் செய்தேன். திருட்டுத்தனமாக டப்பாவைத் துணியில் சுற்றி வைத்தபோதே தெரிந்திருக்க வேண்டும். சம்சாத் ஒருநாள் கேட்டாள், "என்னங்க ஐயா, அம்மா பால ஊத்தறீங்க?" கெட்டுப்போச்சு என்றேன். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்றைக்கு புதன்கிழமை. தடுப்பூசி நாள். இவளுக்குப் பர்மிஷன் கிடைக்கவில்லை, நான்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். பெஞ்சு நிறையப் பொம்பளைகள், நடுவில் நான் ஒருத்தன். ஊசி போட்டதும் நர்சம்மா கேட்டாள், தாய்ப்பால்தானே? ஆமாம் என்றேன். பொய் நிற்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தால் உள்ளதெல்லாம் வந்துவிடும். பால் சென்டரில் இருந்தவன் நான், பள்ளிக்கூடத்தில் எடுக்கிற பால் மறுநாள் சோப்பு நாறுகிறது, என்னத்தைக் கொடுக்கிறது என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவள் அட்டையில் எழுதிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள். "சில அம்மாங்களுக்கு அப்படித்தாங்க. எடுத்து வெச்சா சோப்பு வாசம் அடிக்கும். பால்லயே இருக்கற ஒண்ணு பண்ற வேலை. சுத்தமா எடுத்துக் குளிர்ல வெச்சதுதானே, கெட்டது இல்ல. குழந்தை குடிச்சா தாராளமா குடுங்க." ஊற்றிவிட்டால் என்றேன். "ஏன் ஊத்தறீங்க?" என்று அப்போதுதான் நிமிர்ந்தாள். அப்புறம் இன்னொன்று கேட்டாள், அம்மாவுக்குப் பால் குறைகிறதா என்று. குறைகிறது. முதல் நாள் நூற்றிருபது மில்லி, அப்புறம் தொண்ணூறு, அறுபது, நேற்று நாற்பது. "புட்டி ஜாஸ்தி குடுத்தா குழந்தை அம்மாட்ட இழுக்காது. இழுக்கலேன்னா ஊறாது. பால் சென்டர்ல இருந்தவங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தப்பு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து நேற்றைய புட்டியை எடுத்தேன். முகர்ந்தேன். சோப்பு. கை அங்கணத்துப் பக்கம் போனது, தானாக, சத்தியமாகத் தானாக. இழுத்துப் பிடித்து, வெந்நீரில் வைத்து, குழந்தை வாயில் வைத்தேன். குடித்தது. முகம் சுளிக்கவில்லை. நாற்பதையும் குடித்துவிட்டு, தீர்ந்ததும் என் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு இன்னும் கேட்டது. சுளித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஙீ, டக். ஙீ, டக். ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து மூடுகிறேன், வேறு வேலை இல்லை. மாராத்தாள் என்று ஒருத்தி. இருபது வருஷம் இருக்கும். அவள் ஊர்ச் சொசைட்டியில் ஏதோ தகராறு, நேராக சென்டருக்கே தூக்குப்போசியில் கொண்டுவந்தாள், சினை மாட்டுப் பால், கறவை வற்றுகிற சமயம். திறந்தேன், சோப்பு. திருப்பு என்றேன். "சோப்பே எங்க ஊட்டுல இல்லீங் சாமி, சாம்பலு போட்டுத்தான் வெளக்கறது." பொய் சொல்லாதே என்றேன். அவள் போசியை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போனாள், சிமெண்ட் தரையில் வெள்ளையாக ஓடி என் செருப்பில் பட்டது. எதற்கு இப்போது அவள் ஞாபகம்? அவள் சாம்பல்தான் போட்டிருப்பாள். "ஐயா, கொஞ்சம் எந்திரிங். பந்து எடுக்கணும்." பி.டி. மாஸ்டர் ஜெகதீசன், கழுத்தில் விசில். இப்போது முடியாது என்றேன். "அஞ்சு நிமிஷந்தானுங்யா. மேட்ச் இருக்குது." முடியாது. "இது ஸ்போர்ட்ஸ் ரூமுங்யா. பிரசவ ஆஸ்பத்திரி இல்லீங்." பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். தாழ்ப்பாளைப் போடு, அப்புறம் வந்து பேசு என்றேன். போட்டுத்தானே ஆகணும் என்று அவன் முனகிக்கொண்டு போனான். அவன் சொன்னதுக்குப் பளார் என்று ஒன்று விட்டிருப்பேன் நேற்றாக இருந்தால். இன்றைக்கு ஐஸ் பெட்டியின் மூடியை மறுபடி திறந்து மூடினேன். அவன் பேசினது உள்ளே கேட்டிருக்கும். வீடியோ நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் ஓடுகிறது. உள்ளே வாராந்திர மாட்டுச் சந்தை வாசம் மாதிரி தோலும் புழுதியும் வியர்வையும் கலந்து ஒரு வாசம், கதவிடுக்கு வழியாக வருகிறது. பால் வாசம் இல்லை.

"அப்பா." கதவுக்கு அந்தப் பக்கம், என் தோளுக்கு நேராகக் குரல். ஸ்டூலைக் கதவோரமாக இழுத்துப் போட்டிருக்கிறாள். "இருக்கறீங்ளாப்பா?" இருக்கிறேன். "மணி என்னாச்சுங்?" ஒன்று பத்து. "இன்னும் புட்டி அடிமட்டமே மறையலீங்ப்பா." வரும் என்றேன். "வராதுங்ப்பா. எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் ஙீ மட்டும். "ஊசி போட்டாங்களே, ரொம்ப அழுதாளா?" கொஞ்சம். "காச்சல் வந்தாச் சொட்டு மருந்து குடுங்க." சரி. "அப்பா, இன்னிக்கோட நிறுத்திக்கலாம்னு இருக்கறன். யாரு மேலயும் கோவமில்லீங்ப்பா. என்னால முடியல. பவுடர் பாலே குடுத்துரலாம்." அவளாகவே பேசினாள், கதவிடம் பேசுகிற மாதிரி. "பாப்பாவுக்கே என்னைப் புடிக்கல. சாயந்திரம் ஓடி ஓடி வர்றேன், எடுத்து வெச்சா ரெண்டு இழு இழுத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. நேத்து மூஞ்சியத் திருப்பிட்டு உங்களப் பாத்துச் சிரிக்குது. நான் யாரோ மாதிரி. தூங்கறப்ப பாத்துட்டே இருந்தேன், இவளுக்கு நான் எதுக்குன்னு." மூக்கை உறிஞ்சினாள். மோட்டாரை நிறுத்தப் போகிறாள். நிறுத்திவிட்டால் அவ்வளவுதான், இவள் என் மகள், ஒன்றை நிறுத்தினால் மறுபடி தொடமாட்டாள். பிளஸ் டூவில் பாட்டு கிளாஸை நிறுத்தினவள் இன்றுவரை ஒரு வரி பாடினதில்லை. சொல்லு. கிழவா, சொல்லித் தொலை. மறுபடி அழுவாளே. அழட்டும். போன தடவை அழுததைப் பார்க்க முடியாமல்தானே இத்தனையும். இப்போது கதவு இருக்கிறது, பார்க்க வேண்டியதில்லை.

"அம்மிணி, நிறுத்தாத. கேட்டுக்க. நடுவுல பேசாத." என் குரல் எனக்கே கேன்காரர்களிடம் பேசுகிற மாதிரிதான் இருந்தது, வேறு குரல் என்னிடம் இல்லை. "நீ இங்கிருந்து குடுத்து விடற பால நான் பாப்பாவுக்குக் குடுக்கல. ஊத்திட்டேன். சோப்பு வாசம் வந்துது, கெட்டுப்போச்சுன்னு ஊத்திட்டேன். கெடல. நர்சம்மா இன்னைக்குத்தான் சொன்னா. சிலருக்கு அப்படித்தான் வருமாம். உன்ற மேல தப்பில்ல, புட்டி மேல தப்பில்ல." மோட்டார் ஓடுகிறது. "நாலரைக்கு நான் பவுடர் பால் குடுத்தர்றேன். வயிறு முட்டக் குடுத்தர்றேன். நீ அஞ்சு மணிக்கு வந்து எடுத்தா அது எப்படிக் குடிக்கும்? அது உன்ன வேண்டாங்கல. நெறஞ்ச வயிறு. அதனாலதான் உனக்கும் ஊறல. எல்லாம் என்னால. காலைல நேத்துப் பாலக் குடுத்தேன், பூராக் குடிச்சுது. இன்னும் கேட்டுது." சொல்லிவிட்டேன். மோட்டார் நின்றது. மைதானத்தில் யாரோ பந்தை உதைக்கிற சத்தம், ஒருத்தி யாரையோ எருமை என்று கூப்பிடுகிற சத்தம். "எத்தன நாளுங்ப்பா?" பன்னெண்டு. "பன்னெண்டு." திருப்பிச் சொன்னாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல." கேட்டேன் ஒருதரம், நீ அழுதாய் என்றேன். "அழுதா? அழுதா ஊத்திருவீங்ளா?" குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை, அழுகை இல்லை அது. நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அப்புறம் மெதுவாக, "வீடியோல கடைசில ஒரு கொழாச் சத்தம் வருமுங்களே" என்றாள். ஆமாம் என்றேன். கதவில் அவள் கையோ தலையோ மோதியது, என் முதுகெலும்பில் தெரிந்தது. "இங்கிருந்து போயிருங்கப்பா. உங்களப் பாக்கவே வேண்டாம் எனக்கு. போங்." போகிறேன் என்று எழுந்தேன். நான் எழுந்ததும் கதவு தானாக ஒரு விரற்கடை திறந்துகொண்டது. தாழ்ப்பாள் இல்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம், அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நான் திரும்பி உட்கார்ந்தேன். கதவு மூடியது. அவள் போ என்று மறுபடி சொல்லவில்லை.

மணி ஒன்று இருபது. எத்தனை நேரம் இப்படி? நாற்காலிக் கால் ஒன்று ஆடுகிறது. இனி டப்பாவைத் தூக்கி எறிய வேண்டும், இல்லை, எறியக் கூடாது, இப்போதைக்குக் கொஞ்சம் தேவைப்படும், நாலரைக்குக் கொடுக்கக் கூடாது, அழட்டும், அஞ்சு மணிவரைக்கும் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடக்க வேண்டும், ஊசி போட்ட தொடையை அழுத்தாமல். ஊறுமா? பன்னெண்டு நாள் வற்றினது திரும்புமா? மாட்டுக்குத் திரும்பிப் பார்த்திருக்கிறேன், திரும்பாமலும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்று கடைசியாக எப்போது சொன்னேன்? மறு மணி அடித்தது. நீளமாக அடித்தது. வராந்தா முழுக்கக் காலடி. உள்ளே புடவை சரசரத்தது, கிளம்பிவிட்டாள் என்று ஐஸ் பெட்டியைக் கையில் எடுத்தேன். அழுகைச் சத்தம் கேட்டது. செல்போன். குழந்தை அழுகிறது, ஓ ஓ, அம்மா வந்துருவாங்க, தண்ணீர் வருவதற்கு முன்னால் நிறுத்திவிட்டாள். மறுபடி முதலிலிருந்து அழுகை. ஓ ஓ. நிறுத்தினாள். மறுபடி. பிறகு ஙீ. இழுத்தது. டக். ஜெகதீசன் பத்துப் பையன்களோடு வந்து நின்றான். "மணி அடிச்சாச்சுங்யா. டீச்சருக்கு நைன்த் பி கிளாஸ் இருக்குதுங்." தெரியும் என்றேன். "பந்துங்யா." நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் விசிலைப் பார்த்தேன். "நைன்த் பி-க்கு நீ போய் உக்காரு" என்றேன். அவன் கதவில் கை வைத்தான். நான் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, முழு முதுகையும் கதவில் கொடுத்தேன். அந்தப் பக்கத்திலிருந்தும் கதவு அழுந்தியது. அவளும் சாய்ந்திருக்கிறாள். ஙீ, டக். ஙீ, டக். ஙீ.